பதக்கம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இல்லையே!

முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கேள்விகளுக்கு, வீரர்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, என் அப்பா 1963-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். 1971 போரின்போது கிழக்குப் பக்கம் இருந்தார். 1978-ல் பென்ஷனோடு ஊர் வந்து சேர்ந்தார். இப்போது 80 தாண்டிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே துணி முடிச்சில் கறுத்துப்போன சங்கிராம் மெடல் ஒன்று இருந்தது. ஆனால் வெளியேறும்போது ராணுவம் அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சைன்ய சேவா மெடல் ஒன்றுதான் எழுதியிருக்கிறது. பூர்வி ஸ்டாரும் தனக்கு வரவேண்டியது என்கிறார், அது கையிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. சேனா மெடலுக்குத் தன் பெயரை கமாண்டிங் ஆபீசர் எழுதி அனுப்பினார் என்றும் சொல்கிறார். “இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குப்பா, விடு” என்றும் அவரே சொல்கிறார். இதையெல்லாம் இப்போது சேர்க்க முடியுமா? இருக்கிற மெடலை வெள்ளிப் பட்டறையில் கொடுத்து மெருகு போடலாமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: சேர்க்க முடியும் தம்பி. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான். தயவுசெய்து பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்கள் கொலுசில் கைதேர்ந்தவர்கள், சக்கரத்தில் வைத்தால் அரை நிமிஷத்தில் பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் சங்கிராம் மெடல் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அதைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப்போய் முகப்பைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். ஒரு காசின் கனம்தான் இருக்கும் அந்த விளிம்பில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்தில் ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர் இருக்கும், உங்கள் அப்பாவின் ராணுவ எண்ணும் பெயரும் அவைதான். அழுக்கு அடைத்துக்கொண்டு தெரியாமல் இருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள், புளி, சாம்பல், பேஸ்ட் எதுவும் வேண்டாம். இந்த மெடல் இன்னாருக்குத்தான் கொடுக்கப்பட்டது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி அந்த விளிம்பு. மெருகுச் சக்கரம் தின்றுவிட்டால் மீதி இருப்பது பழைய சாமான் கடையில் யாரும் வாங்கக்கூடிய ஒரு வட்டத் தகடு. விளிம்பைச் சுற்றிலும் நாலைந்து படமாக போனில் எடுத்து, முகப்பையும் பின்புறத்தையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெடல் கையில் இருந்தும் புத்தகத்தில் ஏன் இல்லை என்றால், சிப்பாய் ஒருவருடைய வாழ்க்கையில் நடக்கும் எதுவும், கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, மெடல் எல்லாமே, யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாக வெளியாக வேண்டும், அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் ஷீட் ரோல் என்கிற அவருடைய சேவைப் பதிவுத் தாளில் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுதுகிற கிளார்க் அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான் எழுதுவார். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மெடல் புத்தகத்துக்கு வராது. 1971-க்கு அப்புறம் யூனிட்டுகள் இடம் மாறின, ஆட்கள் பெயர்ந்தார்கள், ரிசர்வில் இருந்து அழைக்கப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், மெடல்களோ மெதுவாகத்தான் வந்தன. நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் பொறித்து வந்த மெடல்கள் சின்னச் சின்னப் பொட்டலமாக யூனிட்டுக்குப் போய், “ஆள் வெளியேறிவிட்டார்” என்ற குறிப்போடு திரும்பி வந்ததை என் கையாலேயே பதிவேட்டில் ஏற்றி இரும்பு அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் ஊர்க்காரரின் பெயர். ஒன்றிரண்டில் சேலம் ஜில்லா என்று பார்த்ததும் மனசு கனத்துப்போனது இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டதே அதனால்தான்.

இன்னொன்று. சேனா மெடலைப் பிறகு பார்ப்போம், அதை விட்டால் நீங்கள் கேட்டது இரண்டு மெடல். நீங்கள் எழுதிய தேதிகளை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு வரவேண்டியது அதைவிட அதிகம். 1965 ஆகஸ்ட் 5 அன்று பணியில் இருந்து, அதற்குள் 180 நாள் சேவை முடித்திருந்தால் ரக்ஷா மெடல். 1963-ல் சேர்ந்தவர் அதற்குள் கட்டாயம் வருவார். 1971 டிசம்பர் 3-லிருந்து 1972 டிசம்பர் 20 வரைக்குமான காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்கிராம் மெடல், அது கையில் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல். அப்புறம் 9 ஆண்டு நீண்ட சேவை மெடல், அவரோ 15 வருஷம் இருந்திருக்கிறார். பூர்வி ஸ்டார் மட்டும் கொஞ்சம் நுணுக்கம்: போர் நடந்த காலத்தில் ராணுவத்தில் இருந்தார் என்பது போதாது, கிழக்குப் போர்முனைப் பகுதியில் இருந்த யூனிட்டின் ஆள்பட்டியலில் அவர் இருந்தார் என்று ஆவணம் சொல்ல வேண்டும். ஆகவே அந்த ஒன்றுக்குக் கூடுதலாக ஆதாரம் தேடுங்கள். அப்பாவோடு அதே யூனிட்டில் அதே சமயத்தில் இருந்தவர் யாராவது இருந்தால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் இருக்கிற பக்கத்தின் நகல் பெரிய உதவி. ராணுவக் கேன்டீனுக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசையில் நிற்கிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆத்தூரில் ஒருவர், மேட்டூரில் ஒருவர் என்று ஆள் கிடைத்துவிடும்.

மனு யாருக்கு என்றால், அப்பா இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் ஆபீசர் இன் சார்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற அதிகாரிக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரோதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள அலுவலகம். ராணுவ அதிகாரிகளாக இருந்தவர்களுக்கு மட்டும் டெல்லி தலைமையகம். ஒரு பிரதியை நேராக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், இன்னொன்றைச் சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் கொடுத்து முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு இது பழகிய வேலை.

மனுவில் அப்பாவின் கஷ்டமெல்லாம் எழுத வேண்டாம், அதைப் படித்துக் கண்கலங்குகிற கிளார்க்குக்கும் தேவை எண்ணும் தேதியும்தான். ராணுவ எண்ணை முன்னால் பின்னால் உள்ள ஆங்கில எழுத்தோடு சேர்த்து, பதவி, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள், எந்த யூனிட்டில் எப்போதிலிருந்து எப்போது வரை என்பது, கேட்கிற மெடல்களின் பெயர், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவின் எண். அப்புறம் மூன்று விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த மெடல்கள் ஷீட் ரோலில் ஏறியிருக்கின்றனவா, ஏறியிருந்தால் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன, ஏறவில்லை என்றால் தகுதியைப் பார்த்து இப்போது உத்தரவு வெளியிட வேண்டும், அதன்பின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முத்திரையோடு பதிந்து தர வேண்டும் அல்லது அதற்கு ஈடான சான்று தர வேண்டும். “மெடல் கொடுங்கள்” என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். கையில் வந்து சேராத மெடலை அனுப்பச் சொல்வதை இதே மனுவில் எழுதலாம், வந்த பிறகு தொலைந்துபோனதற்கு மாற்று கேட்பது வேறு மனு, இரண்டையும் கலக்காதீர்கள். அசல் புத்தகத்தை அவர்கள் எழுத்தில் கேட்கும்வரை அனுப்பவே கூடாது.

பெயரில் ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெயர்களை வடக்கத்தி கிளார்க்குகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சின்னத்தம்பி என்ற பெயர் சேர்க்கைப் படிவத்தில் ‘சினா தம்பி’, மெடல் விளிம்பில் ‘சீனா தாம்பி’, ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு வேறு மாதிரி என்று மூன்று ஆளாக நிற்கும். பயப்பட வேண்டாம், ராணுவ எண் ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவர்தான் என்று மனுவிலேயே ஒரு வரி எழுதி மூன்றின் நகலையும் இணையுங்கள். தப்பித்தவறியும் நீங்களே பேனா எடுத்துப் புத்தகத்தில் திருத்திவிடாதீர்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு குடும்பத்தில் பேரன் ஆசையாக நீல மையில் விட்டுப்போன மெடலை எழுதிவைத்து, அதன்பிறகு அந்தப் புத்தகத்தில் உண்மையாக இருந்த பதிவுகளையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள், அதைச் சரிசெய்ய அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், இணையத்திலேயே போடலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் முதல் மேல்முறையீடு. தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஷீட் ரோலின் நகலையே கேளுங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது பேச்சே வேறு. எல்லாம் செய்தும் எழுத்தில் மறுத்தார்கள் என்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம், ஆகவே அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சேனா மெடல் விஷயத்தில் நான் உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்லப்போவதில்லை. வீரதீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகிறவை. பெயர் எழுதி அனுப்பியது உண்மையாகவே இருக்கட்டும், அரசிதழில் வரவில்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸால் சேர்க்க முடியாது. அதை இந்த மனுவில் நுழைத்தால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய மற்றவையும் தாமதமாகும். அப்பா சொல்லும் அந்தச் சம்பவத்தை அவர் குரலிலேயே போனில் பதிவுசெய்து குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

“விடு” என்று அப்பா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்கிறவர் அந்த மெடலைத் துணியில் முடிந்து இத்தனை வருஷம் வைத்திருப்பாரா? மனுவில் அவர் கையெழுத்து இருந்தால் வேலை எளிது. அவர் கைபிடித்து எழுத முடிகிற இந்த மாதமே போடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் இருந்தார். அவர் தவறி 6 வருஷம் ஆகிறது. எனக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. அதற்கான மெடல் எதுவும் புத்தகத்தில் இல்லை. நான் கேட்கலாமா? கேட்டால் பென்ஷன் கூடுமா? மலையிலிருந்து அடிக்கடி இறங்கி வர உடம்பு இடம் கொடுக்கவில்லை.
– வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. மனைவி என்று அவருடைய ஆவணத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, பென்ஷன் வருவதே அதற்குச் சாட்சி. 1987-லிருந்து 1990 வரை இலங்கையில் இருந்தவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும் அதன் ரிப்பனில் ‘ஸ்ரீலங்கா’ என்று பொறித்த பட்டையும் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல் பெயர் இருந்து பட்டை விட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, யாரையாவது வைத்து ஒருமுறை நன்றாகப் படித்துப் பாருங்கள்.

பென்ஷன் தொகை அதிகமாகாது. சேவை மெடல்களுக்குப் பணம் கிடையாது, வீரதீர விருதுகளுக்கு மட்டும்தான் உண்டு. யாராவது கூடும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது உங்களுக்குச் சாதாரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரே பயணத்தில் முடியுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., இறப்புச் சான்று, உங்கள் ஆதார், வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் ஏற்காட்டிலேயே எடுத்துக்கொண்டு, போகும் முன் மாவட்ட நல அலுவலகத்துக்குப் போன் செய்து அதிகாரி இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். உங்கள் போன் எண்ணை மனுவில் எழுதுங்கள். பென்ஷன் வாங்காமல் இடையில் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்கு அப்புறம் அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பதிவேடு மட்டும் நிலைத்திருக்கும். நீங்கள் பென்ஷன் குடும்பம், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: விட்டுப்போன மெடல்களைப் புத்தகத்தில் ஏற்றித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் புத்தகத்தை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள். ஸ்பீட் போஸ்ட் செலவு, நகல் செலவு, தேவைப்பட்டால் அந்த 10 ரூபாய், இவ்வளவுதான் இதற்கு ஆகும். கடையில் வாங்கிய மெடலைக் கொண்டுவந்து காட்டுவார்கள், விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், வெறுமையாக இருக்கும்.

கேள்வி: மறைந்த தாத்தாவின் மெடல்களை, முன்னாள் படைவீரர்கள் கூடும் குடியரசு தின விழாவில் நான் அணியலாமா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: அணியலாம் கண்ணு, வலது மார்பில். இடது மார்பு மெடலை வாங்கியவருக்கே உரியது. அதனால் வலப்பக்கம் பார்த்ததுமே இது குடும்பத்தார் அணிந்தது என்று படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ரிப்பன் நைந்திருந்தால் புதுசு மாற்றிக்கொள்ளுங்கள், மெடலை மட்டும் தேய்க்காதீர்கள். யாராவது பெரியவர் கிட்டே வந்து விளிம்பைப் படிக்கக் கேட்டால் கழற்றிக் கொடுங்கள், தாத்தாவைத் தெரிந்தவராகக்கூட இருப்பார்.