சட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு எதற்கு அனுதாபம்?

அன்புள்ள ஐயா,

1967 ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைச் சென்ற வாரம் முழுதாகப் பார்த்தேன். லிஸ்பனில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கிளப்பான செல்டிக் 2–1 என்று இன்டர் மிலானை வென்ற ஆட்டம். அன்று செல்டிக்கின் பின்வரிசையில் நின்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்தேன். ஜிம் கிரெய்க் பல் டாக்டர். டாமி கெம்மெல் இன்ஷூரன்ஸில் வேலை பார்த்திருக்கிறார். ஜான் கிளார்க் அதே கிளப்பில் சட்டை, பூட்ஸ் எடுத்துவைக்கும் வேலைக்கு வந்துவிட்டார். ஐரோப்பாவையே ஜெயித்தவர்களுக்கு இந்தக் கதியா என்று மனம் கனத்துவிட்டது. தடுப்பாட்டக்காரர்கள்தான் நல்ல மேனேஜர் ஆவார்கள் என்கிறார்களே, உண்மையா? 1936இல் செல்டிக்குக்காக வெறுங்காலோடு ஆடிய முகமது சலீமைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். என் ஒன்பது வயது மகனும் ஸ்டாப்பர்தான், பின்வரிசை நடுவில் நின்று தடுப்பவன். தினமும் மொட்டைமாடியில் ஐம்பது பந்து தலையால் முட்டப் பழக்குகிறேன். லிஸ்பனில் செல்டிக்கின் கேப்டனாக இருந்த பில்லி மெக்நீல் மாதிரி வரவேண்டும் என்று ஆசை.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

சலீம் முன்வரிசை ஆட்டக்காரர். அவரைப் பற்றி வேறொரு நாள்.

மேனேஜர் விஷயம் டீக்கடை பெஞ்சில் பேசித் தீர்க்க வேண்டியது. ஆமாம் என்பவர்கள் ஜாக் ஸ்டீனைக் காட்டுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், வேல்ஸில் ஒரு சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். 1951 கடைசியில் செல்டிக் அவரை எடுத்தபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1954இல் கேப்டனாக லீகையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் ஒரே பருவத்தில் வாங்கிக் கொடுத்தார். கணுக்கால் போனதும் ரிசர்வ் அணிப் பையன்களுக்குப் பயிற்சியாளரானார்; அந்தப் பையன்களில் ஒருவர் மெக்நீல். 1965இல் மேனேஜராகத் திரும்பி வந்தார், இரண்டே வருடத்தில் லிஸ்பன். ஸ்டீன் சென்டர் ஹாஃப் (உங்கள் பையனின் ஸ்டாப்பர் இடம்தான்), ஆகவே சென்டர் ஹாஃப்கள் மேதைகள் என்பார்கள். சரி, மெக்நீலும் சென்டர் ஹாஃப்தானே? 1986–87 பருவத்தை மான்செஸ்டர் சிட்டியில் தொடங்கி, செப்டம்பரிலேயே ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். பருவம் முடிந்தபோது இரண்டு அணிகளும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருந்தன. அதே மனிதர் அடுத்த பருவமே செல்டிக்குக்கு வந்து, கிளப்பின் நூற்றாண்டில் லீகும் கோப்பையும் வென்று கொடுத்தார். இதிலிருந்து என்ன விதியை எடுப்பீர்களோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது "இந்தக் கதியா" என்ற இடத்தில். என்ன கதி? கிரெய்க் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து, பட்டம் வாங்கிக்கொண்டுதான் லிஸ்பனுக்கே போனார். ஏழாவது நிமிடத்தில் பெனால்டி கொடுத்து அணியைப் பின்தங்க வைத்தவர் அவர். 63ஆவது நிமிடத்தில் பந்தைக் கெம்மெலுக்குத் தள்ளிச் சமன்செய்ய வைத்தவரும் அவரே. அப்படிப்பட்ட நெஞ்சுரம் உள்ளவரிடம் நான் தைரியமாக வாயைத் திறந்து காட்டுவேன். கெம்மெலைச் செல்டிக் 1971இல் விற்றது. 1973 டிசம்பரில் டண்டீ அணியின் கேப்டனாக வந்து, அதே செல்டிக்கைத் தோற்கடித்து லீக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்காகவா நீங்கள் வருத்தப்படுகிறீர்கள்?

கிளார்க்கை நீங்கள் கொஞ்சமும் புரிந்துகொள்ளவில்லை. அபெர்டீனிலும் செல்டிக்கிலும் மெக்நீலுக்குத் துணையாக இருந்தவர். சின்ன கிளப்புகளைத் தனியாக நடத்தியும் பார்த்தவர். பிறகுதான் செல்டிக்கின் சீருடை அறைக்கு வந்து பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் தன் சட்டையை யார் கையிலிருந்து வாங்கியிருப்பான் என்று யோசியுங்கள். ஐரோப்பியக் கோப்பைப் பதக்கம் வாங்கியவர் கையிலிருந்து. இதை இறக்கம் என்று பார்க்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? துணி தொடுகிற வேலை, அடுத்தவன் பூட்ஸை எடுத்துவைக்கிற வேலை என்றாலே நமக்கு மூக்கு சுளிக்கிறது. இது நம் வீட்டு நோய். அதை கிளாஸ்கோவுக்கு ஏற்றுமதி செய்யாதீர்கள்.

வருத்தப்பட வேண்டிய ஆள் அந்த வரிசையிலேயே இருக்கிறார். அவரைத்தான் உங்கள் பையனுக்கு முன்மாதிரியாக வைத்திருக்கிறீர்கள்.

மெக்நீலின் தலை செல்டிக்குக்கு என்ன கொடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். 1965 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் டன்ஃபெர்ம்லினுக்கு எதிரான வெற்றி கோல் தலையால் முட்டியது. 1967 கால் இறுதியில் வொய்வொதினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வந்த கார்னர் பந்து, அதுவும் தலைதான். அது உள்ளே போயிராவிட்டால் லிஸ்பன் இல்லை. கோல்கள் இவை. ஒரு சென்டர் ஹாஃப் பயிற்சியில் நாள் தவறாமல் முட்டி விலக்கும் பந்துகளை யார் எண்ணினார்கள்? அவருக்கு மறதி நோய் என்று 2017இல் குடும்பத்தார் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் இறந்தார்.

என் பெரியப்பாவுக்கும் இதே நோய். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர், வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. கடைசிக் காலத்தில் காபி கொண்டுவந்த பெரியம்மாவிடம் எழுந்து நின்று, "நீங்க எந்த வீட்டம்மா?" என்று மரியாதையாகக் கேட்பார். பெரியம்மா, "பக்கத்து வீடுதாங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை அவர் கையில் கொடுப்பாள். உள்ளே போய்த்தான் அழுவாள். ஆகவே மறதி நோய் வந்த ஒவ்வொருவரையும் பந்துதான் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மெக்நீல் ஒருவரைப் பற்றி அப்படி அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனால் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் வேறு கதை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டீவர்ட்டின் குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. 2019இல் வந்த முடிவு: இதய நோயால் இறப்பது இவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவு, மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு அதிகம். 2021இல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தடுப்பாட்டக்காரர்களிடம் சுமார் ஐந்து மடங்கு. பந்தைக் கையால் பிடிக்கிறவனுக்கும் தலையால் முட்டுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. அந்தக் காலத்துத் தோல் பந்து, மழையில் ஊறிக் கனத்துவிடும், இப்போது அப்படி இல்லையே என்று உடனே ஆரம்பிப்பீர்கள். ஆட்டக்காரர் எந்தக் காலத்தில் பிறந்தவர் என்பதால் அபாயம் மாறவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எத்தனை வருடம் ஆடினார் என்பதில்தான் மாறியது.

ஸ்காட்லாந்து இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை 2020இல் நிறுத்தச் சொன்னார்கள். 2022இல், ஆட்டத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் தொழில்முறை ஆட்டக்காரர்களே பயிற்சியில் முட்டக் கூடாது என்றார்கள். மெக்நீலின் ஊரில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்கே இந்தக் கட்டுப்பாடு. உங்கள் மொட்டைமாடியில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தினமும் ஐம்பது! எண்ணிக்கை வேறு வைத்திருக்கிறீர்கள், பெருமையாக எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள். கண்டிக்க ஒரு பாட்டி கூடவா அந்த வீட்டில் இல்லை?

இன்றைக்கே நிறுத்துங்கள். பையனுக்குப் பந்தை நெஞ்சில் வாங்கச் சொல்லிக்கொடுங்கள். எதிராளி எங்கே வரப்போகிறான் என்று பார்த்து முன்னாலேயே போய் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். அந்த வேலைக்கு ஒரு நல்ல ஆசான் வேண்டுமென்றால், நீங்கள் பரிதாபப்பட்ட கிளார்க் இருக்கிறார். மெக்நீல் எகிறும்போதெல்லாம் பின்னால் நின்று, தப்பி வருவதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது அவர் வேலை. அந்த ஆட்டத்தைப் பையனோடு உட்கார்ந்து இன்னொரு தடவை போடுங்கள். கிளார்க் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஸ்டாப்பர் என்றால் தலையால் முட்டத்தான் வேண்டும் என்று அவனுடைய கோச் அடம்பிடித்தால் எனக்கு எழுதுங்கள். அவருக்கும் ஒரு கடிதம் போடுகிறேன், இதைவிடக் காரமாக.