பேசாதவர்கள் எல்லாம் போக்கரில் ஜெயிப்பார்களா?

கேள்வி: எனக்கு 31 வயது. சிங்கப்பூரில் ஐ.டி. வேலை, நிரந்தரவாசி. போன வருடம் அலுவலகப் பயிற்சியில் ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். ‘தனிமை விரும்பி, யோசித்து முடிவெடுப்பவர்’ என்று வந்தது. ‘போக்கர் ஆடினால் ஜெயிக்கிற ஆள் நீங்கள்’ என்றார் பயிற்சியாளர். சனிக்கிழமை இரவில் நண்பரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 20 வெள்ளி போட்டு அந்தச் சீட்டாட்டத்தை ஆடுகிறோம். எட்டு மாதமாகப் பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன். ஓயாமல் சிரித்துப் பேசும் நண்பன் ஜெயிக்கிறான். தோற்றுவிட்டால் ஞாயிறு முழுக்க மனைவியிடம்கூடப் பேச்சு வருவதில்லை. சூதாட்டக்கூடத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் என் குணம் எடுபடுமா? இல்லை, குணத்தையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் போக்கரைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தத் தேர்வு.

மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய கருத்துகளை வைத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. அதில் நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்னதைத்தான் அது உங்களுக்கே திருப்பிச் சொல்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருகிறவர்கள் நிறையப் பேர். சக ஊழியர்களோடு உட்கார்ந்து பேச அது உதவலாம். பணம் வைத்து ஆடுவதற்கு அதை நம்பாதீர்கள்.

போக்கர் ஆடுகிறவர்களிடம் வேறொரு பிரிவினை இருக்கிறது. அது மனத்துக்குள் எட்டிப் பார்க்காது, கை செய்வதை மட்டும் பார்க்கும். ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ‘கை’. எத்தனை கைகளில் நீங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகாமல் ஆட்டத்தில் இருக்கிறீர்கள்? இருக்கும்போது நீங்களே பந்தயத்தை ஏற்றுகிறீர்களா, அடுத்தவர் வைத்ததற்குச் சரிக்கட்டி மட்டும் போகிறீர்களா? இந்த இரண்டு கேள்வியில் நாலு வகை ஆட்டக்காரர்கள் கிடைத்துவிடுவார்கள். பொறுக்கி எடுத்து, எடுத்ததை அடித்து ஆடுபவர். எதையும் எடுத்து அடித்து ஆடுபவர். எதையும் எடுத்துவிட்டுப் பின்னாலேயே போகிறவர். பொறுக்கி எடுத்தும் பயந்து ஆடுபவர். இந்தக் கடைசி ஆளை ‘ராக்’, அதாவது பாறை என்பார்கள். நீங்கள் அந்தப் பாறைதான் என்று நினைக்கிறேன்.

பாறைக்கு என்ன கஷ்டம் என்று பாருங்கள். நீங்கள் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகை என்றால், ஆளுக்கு இரண்டு சீட்டு. அதில் மிக நல்ல சீட்டான ஏஸ் ஜோடி வருவது சராசரியாக 221 கைக்கு ஒருமுறை. ஓர் இரவில் நூறு கை ஆடினாலும் அது வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதற்கிடையே, ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பணம் வைக்க வேண்டும். ஒன்பது பேர் மேசையில் காத்திருக்கலாம், செலவு குறைவு. ஐந்து பேர் மேசையில் ஐந்து கைக்கு இரண்டு முறை உங்கள் பணம் போகிறது. அப்படிக் காத்திருந்து ஒரு வழியாக நீங்கள் பந்தயம் வைக்கும்போது, ‘இவனுக்கு நல்ல சீட்டு’ என்று மற்ற நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். எட்டு மாதப் பழக்கம் அல்லவா? யோசித்துத்தான் ஆடுகிறீர்கள், ஆனால் உங்கள் யோசனை எல்லோருக்கும் கேட்கிறது.

எங்கள் பெரியப்பா ஒருவர், கல்யாண மண்டபத்தில் முதல் நாள் இரவு ரம்மிக்கு உட்காருவார். அவருக்குச் சீட்டு சேர்ந்துவிட்டால் வெற்றிலைப் பெட்டி தானாக மடிக்கு வரும். அவருக்குத் தெரியாது, சுற்றி நின்ற பிள்ளைகள் எங்களுக்கெல்லாம் தெரியும். உங்கள் நண்பனின் சிரிப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். நல்ல சீட்டுக்கும் ஒன்றுக்கும் ஆகாத சீட்டுக்கும் அதே சிரிப்பு என்றால், அவன் முகமூடி அதுதான். உங்களுடையது மௌனம். ஆனால் அந்த மௌனம் நல்ல கை வந்தால் இன்னும் கெட்டிப்படுகிறதா என்று அவனையே கேளுங்கள். நண்பன்தானே, சொல்வான்.

குணத்தை மாற்ற வேண்டியதில்லை. லாஸ் வேகாஸில் வருடாவருடம் நடக்கும் போக்கர் உலகத் தொடரில் அதிக முறை பட்டம் வென்றவர் ஃபில் ஹெல்முத். 1989-ல் 24 வயதில் முதன்மைப் போட்டியை வென்றார், 2023-ல் 17-வது பட்டம். ஒரு கை போனால் எழுந்து நின்று கத்துவதற்கும் அவர்தான் பேர்போனவர். ஃபில் ஐவியும் பத்துப் பட்டங்களுக்கு மேல் வென்றவர். அவர் எதிராளியை உற்றுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அப்புறம் 2017-ல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற கணினி நிரல். அதற்குக் குணம் என்று ஒன்றே கிடையாது!

உங்களுக்குப் பொருந்தக்கூடியவர் மரியா கொன்னிகோவா. உளவியல் முனைவர். சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல் போக்கர் கற்க வந்தவர். அடுத்தவர் பந்தயத்தை ஏற்றினால், மோதல் வேண்டாமென்று தான் விலகிவிடுவதை ஆடும்போதுதான் கண்டுகொண்டார். சுபாவத்தை அவர் தூக்கிப் போடவில்லை. எந்த இடத்தில் விலகுகிறோம் என்று கவனித்து அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி ஆடப் பழகினார். 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு போட்டியையே வென்றார். நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு சின்ன நோட்டில், இரவுக்கு மூன்றே மூன்று கைகளை எழுதுங்கள்: என்ன சீட்டு, என்ன செய்தீர்கள், ஏன். ‘பயந்து விட்டேன்’ என்று எத்தனை முறை வருகிறது என்று ஒரு மாதம் கழித்து எண்ணுங்கள்.

சூதாட்டக்கூடம் வேண்டாம். நிரந்தரவாசி என்பதால் உள்ளே நுழையவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்டணம். உங்கள் சனிக்கிழமைப் பணம் ஏழு வாரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். போக்கர் மேசையில் கூடமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எதிரே உட்காருகிறவர்கள் நண்பர்களும் இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். தோற்ற கோபத்தில் நிதானம் இழப்பதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டில்ட்’. கத்துவது மட்டும்தான் டில்ட் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தமே இல்லாத டில்ட்டும் உண்டு. உங்களுக்கு வருவது அதுதான். 20 வெள்ளிக்கு ஒரு முழு நாள் பேச்சு நின்றுபோகிறது என்றால், அந்த வீட்டில் இன்னொருவரும் தோற்றுக்கொண்டிருக்கிறார். அவர் ஆட்டத்துக்கே வராதவர்.

இந்த வாரம் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், எவ்வளவு போனது, எந்தக் கையில் போனது என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் விழித்திருந்தால் இரவே, இல்லாவிட்டால் காலைக் காபியோடு. மூன்று வாரம் அப்படிச் செய்தும் வாய் திறக்க முடியவில்லை என்றால், இரண்டு மாதம் ஆட்டத்தை நிறுத்துங்கள். சனிக்கிழமை நண்பன் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போங்கள். நிறுத்த முடியாமல் தவித்தால், சூதாட்டப் பழக்கத்துக்கென்றே சிங்கப்பூரில் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. குடும்பத்தாரும் அழைக்கலாம். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், நோட்டில் இருப்பதையும் சேர்த்து.