மாற்றுத் துப்பாக்கி தேவையா?

கேள்வி: சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுடும் பெயின்ட்பால் ஆட்டத்தின் நடுவே என் துப்பாக்கி இருமுறை நின்றுவிட்டது. இன்னொன்றை உடன் கொண்டுசெல்ல வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். ஜெலட்டின் உறை கொண்ட 0.68 அங்குல சாய உருண்டை குழலுக்குள்ளேயே உடைந்து பிசுபிசுப்பதும், காற்றைக் கசியவிடாமல் காக்கும் ஓ-ரிங் என்னும் வளையம் காய்ந்து வெடிப்பதும், மின்னணு வகையில் பேட்டரி தீர்ந்துபோவதுமே வழக்கமான கோளாறுகள். உருண்டையைத் தள்ளும் வாயு கார்பன் டை ஆக்சைடு உருளையிலிருந்து வருவதாக இருந்தால், விடாமல் சுடும்போது வாயு குளிர்ந்து அழுத்தம் குறைவதையும் பழுதென்று எண்ணிவிடுகிறோம்; சற்று ஓய்வு கொடுத்தாலே அது சரியாகிவிடும். ஆகவே உதிரி வளையங்கள், புதிய பேட்டரி, குழல் துடைக்கும் கோல் அடங்கிய சிறு பையே பெரும்பாலோருக்குப் போதும். நெடுந்தொலைவு பயணம் செய்து நாள் முழுதும் ஆடுவோர் மட்டும் பேட்டரி தேவைப்படாத எளிய இயந்திர வகை ஒன்றை எடுத்துச்செல்லலாம். அதையும் களத்துக்குள் சுமக்காமல், குழலுறை மாட்டி வெளியே வைத்திருங்கள்.