பட்டறைப் பதில்கள்: கட்டின இடத்திலேயே அறுந்த ஹோஸ்

கேள்வி: அய்யா, வணக்கம். பழைய ஆம்னி எஞ்சினைப் பின்னால் வைத்து, சதுரக் குழாயிலும் ஆங்கிளிலும் சேஸிஸ் அடித்து நானே ஒரு வண்டி கட்டியிருக்கிறேன். எங்கள் தென்னந்தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். சேற்றில் முதல் கியரிலேயே போவதால் எஞ்சின் சூடாகிறது என்று முன்பக்கம் ஆயில் கூலர் வைத்தேன். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு அரை இன்ச் ஹோஸ், ஒற்றைக் கம்பி வலை போட்டது, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர். கேபிள் டை போட்டு சேஸிஸோடு இறுக்கிக் கட்டினேன். நாலே மாதத்தில் ஒரு ஹோஸ் டை போட்ட இடத்திலேயே அறுந்து கசிகிறது. இன்னும் அதிக பிரஷர் தாங்கும் ஹோஸாக வாங்கிப் போடவா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, புது ஹோஸ் வாங்கும் முன் பழையதைக் கழற்றி, அறுந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேல் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் சீவினது போலத் தட்டையாக இருக்கும். அதற்குக் கீழே கம்பி வலை பளபளவென்று தெரியும். இரண்டொரு கம்பி அறுந்து சிலிர்த்து நிற்கும், ஓரத்தில் துரு ஏறியிருக்கும். இது பிரஷரில் வெடித்த ஹோஸ் இல்லை, தேய்ந்து செத்த ஹோஸ்.

கணக்கையும் பாருங்கள். கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். ஓடுகிற எஞ்சினில் ஆயில் பிரஷர் 60, 70 பவுண்டு வரும், காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். நீங்கள் போட்டிருக்கும் ஹோஸ் 2,000 பவுண்டு தாங்கும். அதைவிடப் பெரிய ஹோஸ் வாங்கி அதே மாதிரி கட்டினால், தேய்வதற்கு இன்னும் இரண்டு மாதம் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான்.

கட்டும் முறைதான் மாற வேண்டும். ஹோஸ் சும்மா கிடக்கிற பொருள் இல்லை. எஞ்சின் அதிர்வு அதில் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுண்டிங்கில் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, சூட்டில் ஹோஸ் இளகுகிறது. கேபிள் டை அதை ஆங்கிள் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்ததே தவிர, அசையாமல் நிறுத்தவில்லை. விளிம்பு அரம் போல அறுத்துவிட்டது. எஞ்சின் பக்கச் சூட்டில் அந்த நைலானும் சில மாதத்தில் மொறுமொறுத்து ஒடிந்துவிடும். ஒயரைக் கட்டக் கேபிள் டை போதும், ஆயில் ஹோஸைத் தாங்க அதை நம்பாதீர்கள்.

ரப்பர் உறை போட்ட இரும்புக் கிளாம்ப் கிடைக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இங்கிலீஷ் ‘பி’ எழுத்து மாதிரி இருக்கும், கடையில் பி கிளாம்ப் என்றே கேளுங்கள். அளவு சொல்லும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அரை இன்ச் என்பது ஹோஸின் உள்வட்டம். வெளியே 20 மில்லிமீட்டர் சொச்சம் வரும். ஹோஸில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கிளாம்ப் தளர்வாக இருந்தால் ஹோஸ் உள்ளேயே தேயும். இறுக்கமாக இருந்தால் ஹோஸை நசுக்கும். கையால் பலமாக இழுத்தால் நகரக் கூடாது, அதே சமயம் ஹோஸின் உருண்டை வடிவமும் மாறக் கூடாது. அதுதான் சரியான பிடி.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன், திருவாரூர் பக்கம் தை மாத அறுவடை. ஒரு கதிர் அறுக்கும் மிஷினில் கிளாம்ப் உறை தொலைந்து போயிருந்தது. அவசரத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி நான்தான் மாட்டிக் கொடுத்தேன். சைக்கிள் டியூப் ரப்பருக்கு ஆயில் ஆகாது, ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். அப்படித்தான் ஆனது. டியூப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது, வெறும் இரும்பு விளிம்பு ஹோஸில் பட்டது, இடையில் நெல் தூசி வேறு புகுந்துகொண்டது. உமியில் மணல் சத்து அதிகம். அது உப்புத்தாள் வேலை செய்யும். மிஷின் பாதி வயலில் நின்றது, மேலே மழை மேகம். வயல்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து உறை இல்லாத கிளாம்பை நான் மாட்டியதில்லை. உறை கிடைக்காத நேரத்துக்கு ஒரு வழி உண்டு. கழித்துப்போட்ட ஹைட்ராலிக் ஹோஸில் ஒரு சாண் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, ஓரத்தில் நீட்டும் கம்பிகளை எடுத்துவிட்டு, நல்ல ஹோஸ் மேல் சட்டை போல மாட்டலாம். அந்த ரப்பர் ஆயிலுக்கு அசையாது.

கிளாம்புக்குக் கிளாம்ப் ஒன்று, ஒன்றேகால் அடி வையுங்கள். வளைவு வரும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. சேஸிஸ் குழாயில் ஓட்டை போடாதீர்கள், குழாயின் பலம் போகும், தண்ணீர் புகுந்து உள்ளே துரு பிடிக்கும். சின்ன இரும்புப் பட்டையைக் குழாயில் வெல்டிங் செய்து, அதில் 6 மில்லிமீட்டர் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடுங்கள். போல்ட் மேலே, ஹோஸ் கீழே தொங்குவது போல இருக்கட்டும். ஹோஸ் போகும் பாதை குழாயின் உள்பக்கம். அடிப்பக்கம் வேண்டாம், வரப்பு ஏறி இறங்கும்போது முதல் அடி அதற்குத்தான் விழும்.

எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு ஹோஸ் தாவும் இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். எஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது. அங்கே ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டினால், முழு ஆட்டமும் முனையில் இருக்கும் ஃபிட்டிங்குக்குப் போய் அது தளரும் அல்லது விரிசல் விடும். ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்ததும் ஹோஸ் இரண்டு விரல் நீளமாவது நேராக வரட்டும், அதன் பிறகு தாராளமாக ஒரு வளைவு விட்டு சேஸிஸில் முதல் கிளாம்பைப் போடுங்கள். முனையை இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஹோஸ் மேல் நீளவாக்கில் அச்சடித்த எழுத்து நேர்க்கோடாக ஓட வேண்டும். கொடி சுற்றின மாதிரி ஓடினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது, தளர்த்தி மறுபடி மாட்டுங்கள்.

முனைகளில் ஹோஸ் கிளிப், அதாவது ஸ்க்ரூ திருகி இறுக்கும் தகட்டு வளையம், போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். அது தண்ணீர் ஹோஸுக்கு உரியது. அறுவடை மிஷின் ஓடுகிற நம் பக்கத்தில் ஹோஸ் முனையை மிஷினில் வைத்து பிரஸ் செய்து தரும் கடைகள் உண்டு. அதைச் செய்துகொள்ளுங்கள். ஓடும்போது முனை கழன்றால் எஞ்சினில் இருக்கும் 3 லிட்டர் சொச்சம் ஆயிலும் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே போய்விடும், பேரிங் பிடித்துக்கொள்ளும். சிவக்கக் காய்ந்த சைலன்சர் பைப்பில் ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருக்கும் வண்டி, தம்பி, யோசித்துப் பாருங்கள். சைலன்சர் பைப்பை விட்டு ஒரு சாணாவது தள்ளிக் கொண்டுபோங்கள். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. ரப்பர் தேய்ந்து ஹோஸின் கம்பி வலை அதில் பட்டால் ஆயிலும் தீப்பொறியும் ஒரே இடத்தில்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. கூலரைப் பின்னாலேயே, எஞ்சின் பக்கத்தில் வைத்து, ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் போடுங்கள். முதல் கியரில் போகும் வண்டிக்கு முன்னால் வைத்தாலும் காற்று வரப்போவதில்லை. ஐந்து மீட்டர் ஹோஸ் ஒன்றரை மீட்டராகிவிடும், கிளாம்ப் நாலைந்தில் வேலை முடியும். அப்புறம், தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்றீர்களே, அதில் உறுதியாக இருங்கள். பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது.

கேள்வி: ஷெட்டில் நிற்கும் பவர் டில்லர் ஹோஸை எலி கடிக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஹோஸ் மேல் சுற்றும் கம்பிச் சுருள் வாங்கி மாட்டுங்கள். சுருளின் இரண்டு முனையையும் கிளாம்புக்குள் கொண்டுவந்து பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுருளே நகர்ந்து ஹோஸைத் தேய்க்கும். வைக்கோலை வண்டியை ஒட்டி அடுக்காதீர்கள்.

கேள்வி: டிராக்டர் லிஃப்ட் ஹோஸில் ஓட்டை தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் புகை மாதிரி ஆயில் பறக்கிறது. துணி சுற்றி இந்த உழவை முடித்துக்கொள்ளலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: வேண்டாம். இப்போதே உழவை நிறுத்துங்கள். ஓட்டை எங்கே என்று கையை வைத்துத் தடவாதீர்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். டிராக்டர் ஹைட்ராலிக்கில் இருப்பது 2,000 பவுண்டை ஒட்டிய பிரஷர். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையுறையும் தடுக்காது. ஒரு அட்டையை நீளக் குச்சியில் சொருகிக் காட்டினால் துளை இருக்கும் இடத்தில் அட்டை நனையும். பிறகு கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு முறை அசைத்து பிரஷரை விட்டபின் ஹோஸைக் கழற்றிப் புதிது போடுங்கள்.

யாருக்காவது ஏற்கெனவே கையில் பட்டிருந்தால், எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. வீட்டில் மஞ்சள் வைத்துக் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து உள்ளே போன ஆயிலை எடுக்காவிட்டால் விரலே போகலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப்போய், “பிரஷரில் ஆயில் உள்ளே ஏறிவிட்டது” என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.