வெளி அழுத்தத்தால் பல்கலைக்கழகங்கள் உண்மையில் மாறுகின்றனவா? வந்தாறுமூலையையும் ஒலுவிலையும் வைத்து ஒரு பதில்

கேள்வி: “பட்டதாரிகள் போராடுகிறார்கள், அரசு சுற்றறிக்கை விடுகிறது, உலக வங்கி காசு தருகிறது. இவற்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது மாறுகிறதா? ஒரு பாடநெறியை மாற்ற ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது?”

மாறுகின்றன. ஆனால் எந்த அழுத்தமும் ஆளணியாக, அதாவது திறைசேரி சம்பளம் கொடுக்கும் ஒரு பதவியாக, மாறும்வரை கடுதாசியில்தான் இருக்கும். சுற்றறிக்கை வந்ததா என்று பார்க்காதீர்கள். அதைச் செய்ய ஆள் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள்.

இங்குள்ள இரண்டு பல்கலைக்கழகங்களும் அழுத்தத்தில் பிறந்தவைதான். மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையில், பேராதனையின் துணையோடு, விஞ்ஞானம், விவசாயம் என்ற இரு பீடங்களுடன் தொடங்கியது. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழி, மாவட்ட வாரியாகச் சரிக்கட்டிய தரப்படுத்தலுக்கு எதிரான எழுபதுகளின் கொதிப்பு அப்போது அடங்கியிருக்கவில்லை. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரில், இன்று அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் அரசியல் பலம் பின்னால் இருந்ததால், ஏழே மாதத்தில், 1996 மே மாதம், அது முழுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இவ்வளவு வேகம் இலங்கையில் அபூர்வம். பெயர்ப்பலகை ஏழு மாதத்தில் ஏறலாம், ஒரு பேராசிரியரை ஏழு மாதத்தில் உருவாக்க முடியாது.

போரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் போனார்கள். 2006 டிசம்பரில் உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். இப்படிப்பட்ட இடத்துக்கு மூத்த கல்வியாளர் யார் விரும்பி வருவார்? இருந்தவர்களும் போனார்கள். தற்காலிக விரிவுரையாளர்களை வைத்தே பல துறைகள் ஓடின. பழைய பாடவிதானம் ஏன் அப்படியே கிடந்தது என்று கேட்பவர்கள், திருத்தி எழுத அங்கே யார் இருந்தார் என்றும் கேட்க வேண்டும்.

இனி நடைமுறை. ஒரு புதிய பட்டப்படிப்பு துறையில் வரைவாகத் தொடங்கும். பிறகு பீடச் சபை, மூதவையின் (செனட்) பாடவிதானக் குழு, மூதவை, பேரவை (பல்கலைக்கழகத்தின் ஆளும் சபை) என்று ஏறி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும். அங்கே அந்தத் துறைக்கான நிலைக்குழு பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்பும். இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, தேவை மதிப்பீடு. தங்கள் மாணவர்களிடமே வினாக்கொத்து கொடுத்து, ‘எல்லோரும் விரும்புகிறார்கள்’ என்று எழுதியிருப்பார்கள், வேலை கொடுப்பவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்றது, கற்பிக்க ஆள் இல்லை. அங்கீகாரம் தருவது ஆணைக்குழு, ஆளணிக்கு உடன்பட வேண்டியது திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம். முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் மாணவர் வந்துவிடுவார்கள், விரிவுரையாளர் வரமாட்டார். வருகைதரு விரிவுரையாளரை மணித்தியாலக் கணக்கில் அழைத்துச் சமாளிப்பார்கள். கொழும்பிலிருந்தோ பேராதனையிலிருந்தோ அவர் சனி, ஞாயிறில் வந்து, மூன்று வாரப் பாடத்தை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போவார்.

ஏற்கெனவே உள்ள பாடத்தைத் திருத்துவது லேசு என்றுதான் தோன்றும். இங்கேதான் திறமைகோள் (கிரெடிட்) கணக்கு கழுத்தைப் பிடிக்கும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைகோள் என்பது மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, செய்முறை, சுயபடிப்பு, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைகோள், மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90. எட்டு அரையாண்டுக்குப் பிரித்தால் தலைக்கு 15 திறமைகோள், 750 மணித்தியாலம். பதினைந்து வாரத்தில் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வரும், அதுவே நிரம்பிய மூட்டை. தொழிற்சந்தை புதியதைக் கேட்கிறது என்று தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், தொழில்முனைவு எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். பழையதை எடுக்க மட்டும் எவருக்கும் மனமில்லை. ஒரு பாடம் போனால் அதைக் கற்பிப்பவரின் வேலைப்பளுக் கணக்கு குறையும், அடுத்த ஆளணிக் கோரிக்கை பலவீனமாகும். மொத்தம் 135ஐத் தொட்டால் வாரத்துக்கு 56 மணித்தியாலம். அப்படியொரு வாரம் எந்த மாணவருக்கும் கிடையாது. ஆகவே சுயபடிப்புதான் முதலில் போகும், ‘டியூட்’டை, அதாவது விரிவுரைக் குறிப்பை, மனப்பாடம் செய்வது மிஞ்சும்.

திருத்தம் நிறைவேறினாலும் புதிதாகச் சேரும் தொகுதிக்குத்தான் அது பொருந்தும். முன்னரே சேர்ந்தவர்கள் பழைய துணைவிதிகளின் கீழ்தான் முடிக்க வேண்டும். சித்தியடையாமல் திரும்ப எழுதுபவர்களையும் சேர்த்தால் நான்கைந்து வருடம் இரண்டு பாடத்திட்டங்களும் அருகருகே ஓடும். எந்தப் பழைய பாடத்துக்கு எந்தப் புதிய பாடம் ஈடு என்ற சமவலு அட்டவணையை அன்றே மூதவையில் நிறைவேற்றாவிட்டால் பின்னால் பரீட்சைக் கிளையும் துறையும் ஒன்றையொன்று கைகாட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு முதல் மாதத்தில் பெறுபேறு கிடைக்காமல் அலையும் மாணவர்களில் பலரின் சிக்கல் இதுதான்.

வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் 2017இல் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த அழுத்தம் அரசாங்கத்தைத் தொட்டது, நியமனங்களும் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு அது வேறு உருவில் வந்து சேர்ந்தது: உலக வங்கிக் கடனில் 2017இல் தொடங்கிய ‘அஹெட்’ (AHEAD) உயர்கல்வி அபிவிருத்தித் திட்டம், கலைப்பீடங்களுக்கு ஆங்கிலமும் கணினித் திறனும். கணினிக்கூடங்கள் எழுந்தன, நல்லதுதான். ஆனால் திட்டக்காசு பெரும்பாலும் மூலதனச் செலவுக்கு. மின்கட்டணம், திருத்த வேலை, கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் எல்லாம் மீண்டெழும் செலவு, வருடாவருடம் வருவது. அதற்கான ஒதுக்கீடு அதே அளவில் கூடாது. திட்டம் முடிந்த பிறகு அந்தக் கூடம் மாலையில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்றம் எவ்வளவு ஆழம் போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சிக்கல் இன்னொரு விதம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த இடம் அது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுப் பட்டம் கேட்பார்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துகளைக் கரைத்துக் குடித்த அண்ணாவியார் (கூத்து ஆசான்) ஒருவருக்கு அந்தக் கடுதாசி இருக்காது. கலையைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற சமூகக் கோரிக்கை வென்றது. ஆனால் அந்தக் கலையைச் சுமந்தவருக்கு நிரந்தரக் கதிரை போட விதி இடம் தராது. மணித்தியாலக் கொடுப்பனவோடு அழைப்பதே வழி. என்னைக் கேட்டால், மாற்ற வேண்டியது அந்த ஆட்சேர்ப்பு விதி. பாடவிதானத்தில் ‘நாட்டார் கலை’ என்று இன்னொரு அலகு சேர்ப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது.

யாரும் திட்டமிடாமலே நடந்த மாற்றமும் உண்டு. மாணவர் அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் நடக்கிறது. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். ஆனால் அது நாடு முழுவதற்குமான ஒதுக்கீடு. வந்தாறுமூலையின் கதிரைகள் மட்டக்களப்பாருக்கு என்று எங்கும் எழுதியில்லை. போர் முடிந்தபின் இரு பல்கலைக்கழகங்களுக்கும் சிங்கள மாணவர்கள் பெருந்தொகையில் வந்தார்கள். ஒரே வகுப்பில் இரு மொழியினர் இருந்தால் கற்பித்தல் மொழி ஆங்கிலமாகும், வேறு வழியில்லை. அதற்கு ஈடாக ஆங்கில போதனாசிரியர் ஆளணி கூடியதா என்பதே கேள்வி. கூடாத இடத்தில் விரிவுரையாளர் சிலைடை ஆங்கிலத்தில் போட்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்லுவார், பின்வரிசைச் சிங்கள மாணவருக்கு ஒன்றும் விளங்காது. பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுதவேண்டிய இடத்தில் இருசாராருமே தடுமாறுவார்கள்.