மகளிடம் மாதவிடாய் பற்றி எப்போது, எப்படிப் பேசுவது?

9 வயது மகளிடம் இதை இப்போதே பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசுங்கள். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். பெரும்பாலும் முதலில் மார்பு அரும்பும். அதிலிருந்து சுமார் 2 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைபடுவதும் உண்டு.

உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். துணி மடிக்கும்போது, நாப்கின் வாங்கும்போது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் போதும். விஷயம் தெரியாத பிள்ளை, அடிபட்டுவிட்டதோ, ஏதாவது நோயோ என்றுதான் பயப்படும். முதல் தடவை வெறும் பழுப்புக் கறையாகக்கூட இருக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். ஒரு நாப்கினைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்து, உள்ளாடையில் ஒட்டிக் காட்டுங்கள். அப்புறம் அவளையே ஒட்டச் சொல்லுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பள்ளிப் பையில் 2 நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் எப்போதும் இருக்கட்டும்.

அப்பாவும் பேசலாம், பேச வேண்டும் என்பேன்.

முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தள்ளிப்போவது சகஜம். ஆனால் 7 நாளுக்கு மேல் உதிரம் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் வரவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.