ஃபிரான்சிஸ் டேவர்ன்: ஒரு விடைபெறலும் பல புதன்கிழமைகளும்

கேள்வி: நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்து விடுதி ஒன்று இன்னும் உணவகமாக நடக்கிறது என்கிறார்களே, உண்மையா? மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

உண்மைதான். மன்ஹாட்டனின் தென்கோடியில், பேர்ல் தெருவும் பிராட் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. பெயர் ஃபிரான்சிஸ் டேவர்ன். என் அலுவலகம் அந்தப் பக்கம்தான் என்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். எல்லோரும் வாஷிங்டனைப் பற்றித்தான் கேட்பார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டோடு சம்பந்தப்பட்டதிலேயே பெரிய விஷயம் வேறு என்பது என் கருத்து.

1719-இல் ஸ்டீபன் டி லான்சி என்ற பணக்கார வணிகர் கட்டிய வீடு அது. 1762-இல் சாமுவேல் ஃபிரான்சிஸ் என்பவர் அதை வாங்கி, வாசலில் இங்கிலாந்து ராணி சார்லட்டின் படம் போட்ட பலகையை மாட்டி, 'குவீன்ஸ் ஹெட்' என்று பெயர் வைத்து விடுதி தொடங்கினார். அவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர் என்று சொல்வதுண்டு. 'பிளாக் சாம்' என்பது பட்டப்பெயர். அவர் கறுப்பரா வெள்ளையரா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். விருந்து நடத்துவதில் அவர் கெட்டிக்காரர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. பின்னாளில் வாஷிங்டன் ஜனாதிபதியானதும் தன் வீட்டு நிர்வாகத்தை இவரிடம்தான் கொடுத்தார்.

அந்தக் காலத்து டேவர்னைச் சாப்பிட்டுக் குடிக்கும் இடம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சரக்கு ஏலம், சங்கக் கூட்டம், வியாபாரப் பேச்சு எல்லாவற்றுக்கும் ஊரில் அதுதான் இடம். மாடியில் ஒரு நீள அறை இருந்ததால் இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. நியூயார்க் வர்த்தக சபை 1768-இல் தொடங்கியது இங்கேதான். அப்போது அமெரிக்காவை ஆண்டுகொண்டிருந்த ஆங்கிலேயருக்கு எதிராகத் திட்டம் போட்டவர்களும் இங்கே கூடினார்கள். 1775 ஆகஸ்டில், துறைமுகக் கோட்டையிலிருந்த பீரங்கிகளைப் புரட்சிக்காரர்கள் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போனபோது, 'ஏசியா' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஊரை நோக்கிச் சுட்டது. அதில் ஒரு குண்டு இந்த விடுதியின் கூரையைத் துளைத்தது.

சரி, வாஷிங்டன். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து 1783 நவம்பர் 25 அன்று ஆங்கிலேயப் படை நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. டிசம்பர் 4 அன்று அந்த நீள அறையில் தன் அதிகாரிகளைக் கூப்பிட்டு வாஷிங்டன் விடைபெற்றார். ஒரு கோப்பை மதுவை நிரப்பிக்கொண்டு, நன்றி சொல்லி, ஒவ்வொருவரும் வந்து தன் கையைப் பிடிக்கும்படி கேட்டார். முதலில் வந்தவர் ஹென்றி நாக்ஸ். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். கூட இருந்த பெஞ்சமின் டால்மட்ஜ் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பிலிருந்துதான் இந்தக் காட்சி நமக்குத் தெரியும். அதே மாதம் வாஷிங்டன், அமெரிக்கக் காங்கிரஸ் அப்போது கூடியிருந்த அன்னாபொலிஸ் நகருக்குப் போய்ப் படைத்தலைவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். வென்ற தளபதி அரியணை ஏறாமல் வீட்டுக்குப் போனார் என்ற வகையில் அது மதிக்க வேண்டிய நாள்தான்.

ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் இதே விடுதியில் வேறொன்று நடந்தது. போரின்போது, புரட்சிக்கார எஜமானர்களிடமிருந்து தப்பித் தங்கள் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக ஆங்கிலேயர் அறிவித்திருந்தார்கள். அதை நம்பி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் நியூயார்க்கில் வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் சமாதான ஒப்பந்தத்தில் ஒரு வரி நுழைந்தது: 'நீக்ரோக்களையோ மற்ற சொத்துகளையோ' ஆங்கிலேயர் கொண்டுபோகக் கூடாது. மனிதர்களும் சொத்துக் கணக்கில்! அவர்களைத் திருப்பித் தரும்படி வாஷிங்டனே 1783 மே மாதம் ஆங்கிலேயத் தளபதி கை கார்ல்டனை நேரில் சந்தித்துக் கேட்டார். கொடுத்த வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்தார். போகிறவர்களின் பெயரை எழுதிவைக்கிறேன், வேண்டுமானால் பின்னால் நஷ்டஈடு பேசிக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன வழி.

அப்படி எழுதப்பட்டதுதான் 'புக் ஆஃப் நீக்ரோஸ்' என்ற பதிவேடு. 3,000 பேர். பெயர், வயது, எந்த ஊர், யாரிடமிருந்து தப்பி வந்தவர், எந்தக் கப்பலில் போகிறார் எல்லாம் அதில் இருக்கிறது. எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் அல்ல. ஆங்கிலேய ஆதரவாளர்களின் அடிமைகளாகவே கப்பலேறியவர்களும் அதில் உண்டு. 'இவர் என்னுடைய ஆள்' என்று யாராவது உரிமை கோரினால் அந்த வழக்கு ஃபிரான்சிஸ் டேவர்னுக்கு வந்தது. மே முதல் நவம்பர் வரை, புதன்கிழமைதோறும் காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை, இரு தரப்பு அதிகாரிகளும் உட்கார்ந்து விசாரித்தார்கள். தப்பி வந்தவர் தானே முன்னால் நின்று, எப்போது வந்தேன், எந்த அறிவிப்பை நம்பி வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலேய ஜெனரல் பர்ச் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தால் கப்பல். விசாரணை எதிராகப் போனால் திரும்ப அடிமைத்தனம். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அந்தப் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பியவர். 1783 ஜூலையில் கப்பலேறி, இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா போனார். பிறகு 1792-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். இப்போது நீங்கள் பார்க்கும் கட்டடம் அப்படியே 1719-இன் வீடு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பலமுறை தீப்பிடித்து, மேலே மாடிகள் ஏற்றி, ஆளே மாறிப்போயிருந்தது. இடிக்கப்போன நேரத்தில், புரட்சி வீரர்களின் வாரிசுகள் சங்கம் ஒன்று 1904-இல் வாங்கியது. வில்லியம் மெர்செரோ என்ற கட்டடக் கலைஞர் பழைய வீடு எப்படி இருந்திருக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துப் புதுப்பித்து, 1907-இல் திறந்தார்கள். அதனால் அந்த இடத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை, ஆனால் செங்கல்லைத் தொட்டு 'வாஷிங்டன் தொட்ட செங்கல்' என்று சிலிர்க்க வேண்டாம். 1975 ஜனவரி 24 அன்று மதிய உணவு நேரத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவிரவாத அமைப்பு ஒன்று வைத்த குண்டில் இங்கே 4 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கீழே உணவகம், மேலே அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குத் தனியாக டிக்கெட். முதலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள். உணவு அமெரிக்க பாணி, இறைச்சி அதிகம், சைவக்காரர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அதற்கும் முன்னால், நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அந்தப் பதிவேடு முழுவதும் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம். ஒரு பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள்.